இன்ஜின் டைமிங் கோளாறு: அறிகுறியை வைத்தே கண்டுபிடிக்கும் வழி

கார் இழுக்கவில்லை, ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, ஐடிலில் நடுங்குகிறது என்றாலே "டைமிங் போயிருக்கும்" என்று சொல்லிவிடுவது பலருக்கும் பழக்கம். சொன்ன கையோடு டைமிங் கவரைக் கழற்றவும் ஆரம்பித்துவிடுகிறார்கள். பாதி நாள் போகும். திறந்து பார்த்தால் குறிகள் எல்லாம் நேராக நிற்கும், கோளாறு வேறெங்கோ இருக்கும். டைமிங் தப்பிய இன்ஜின் அதை வெளியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். காதால் கேட்டும், இரண்டு மூன்று சாதாரணக் கருவிகளை வைத்தும் முக்கால்வாசி முடிவுக்கு வந்துவிடலாம். கவரைக் கழற்றுவது கடைசி வேலை.

முதலில் எந்த டைமிங் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இன்ஜினில் இரண்டு டைமிங் இருக்கிறது. ஒன்று வால்வு டைமிங். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். அந்தக் கணக்கு பிசகாமல் பார்த்துக்கொள்வது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். இன்னொன்று இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். கலவை பற்றி எரிந்து அழுத்தம் ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரி முன்னதாகவே பொறி விழ வேண்டும். வேகம் கூடக் கூட இன்னும் முன்னால் விழ வேண்டும். இதைத்தான் அட்வான்ஸ் என்கிறோம். பிந்தி விழுந்தால் ரிடார்ட்.

இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பாதித் தலைவலிக்குக் காரணம். இக்னிஷன் டைமிங் இரண்டு டிகிரி, ஐந்து டிகிரி என்று கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பெல்ட்டில் அப்படி இல்லை. பல் தாவினால் ஒரு முழுப் பல்லாகத்தான் தாவும். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால் ஒரு பல்லுக்குக் கிராங்க் கணக்கில் 18 டிகிரி. அது சின்ன விஷயமே இல்லை, இன்ஜின் கட்டாயம் வித்தியாசம் காட்டும். செயின் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது தேய்ந்து நீளும்போது வால்வு டைமிங்கும் மெல்ல மெல்லப் பின்தங்கும்.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

ஓடிக்கொண்டிருந்த கார் சட்டென்று நின்றுவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பினால் செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, ஒரே சீராக, எதிர்ப்பே இல்லாமல் சுற்றுகிறது. நல்ல இன்ஜினில் செல்ஃப் அடிக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும் இடத்தில் சத்தம் லேசாகத் தடைபட்டுத் தடைபட்டு வரும். அந்தத் தாளம் காணாமல் போயிருந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் சாவியை எடுத்துவிடுங்கள். "இன்னொரு தடவை அடித்துப் பார்க்கலாம்" என்பது வேண்டவே வேண்டாம். இன்றைக்கு ஓடும் ஏராளமான இன்ஜின்களில் திறந்து நிற்கும் வால்வும் மேலே வரும் பிஸ்டனும் ஒரே இடத்துக்குத்தான் போட்டி போடுகின்றன. கேம் நின்றுபோய்க் கிராங்க் மட்டும் சுற்றினால் வால்வு வளையும். அறுந்த நொடியில் தப்பித்த ஒன்றிரண்டு வால்வுகளைக்கூட, அதற்கப்புறம் ஆசையில் அடிக்கும் செல்ஃப் வளைத்துவிடும்.

சரி, எப்படி உறுதி செய்வது? பெல்ட் இன்ஜின் என்றால் மேல் கவர் பெரும்பாலும் சில கிளிப், சில போல்ட்டில்தான் நிற்கும். அதை மட்டும் எடுத்துப் பாருங்கள். பெல்ட் இல்லையென்றால் கேள்வி முடிந்தது. ஆனால் பெல்ட் இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. கீழே கிராங்க் பல்சக்கரத்தருகே சில பற்கள் மட்டும் உரிந்துபோய், மேலே பார்க்கப் புதுசு போல இருக்கும் பெல்ட்டுகள் உண்டு. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்புங்கள். கேம் சக்கரம் கூடவே நகர்கிறதா? செயின் இன்ஜின் என்றால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பல இன்ஜின்களில் கேம் கண்ணில் படும். கிராங்க் நகர்ந்து கேம் நகரவில்லை என்றால் தீர்ந்தது. கையில் ஏதாவது திடமாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், அழுத்தித் திருப்ப வேண்டாம்.

கேம் நன்றாகச் சுற்றுகிறது, பிளக்குகளை மாட்டிவிட்டுத் திருப்பும்போது அமுக்கமும் தெரிகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பெல்ட்டை விட்டுவிட்டு, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது திரையில் ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சார் சிக்னல் வரவில்லை. பி0335 (P0335) என்ற எரர் கோடும் (பிழைக் குறியீடு) சேர்ந்து வந்தால் அந்தச் சென்சார், அதன் வயர், கனெக்டர் மூன்றையும் பாருங்கள். கேம் சென்சார் மட்டும் போனால் பி0340 வரும். பல கார்கள் அப்போதும் ஸ்டார்ட் ஆகும், கொஞ்சம் நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பெல்ட் அறுந்த இன்ஜினில் உடனே சிலிண்டர் ஹெட்டை இறக்கவும் வேண்டாம், புது பெல்ட் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பவும் வேண்டாம். நாலு சிலிண்டர் வரிசை இன்ஜின் என்றால் கிராங்கை உச்சியிலிருந்து 90 டிகிரி தள்ளி நிறுத்துங்கள். நாலு பிஸ்டனும் சிலிண்டரின் நடுப்பகுதியில் நிற்கும். இப்போது கேமைக் குறிக்குக் கொண்டுவந்தால் வால்வு எதிலும் மோதாது. அப்புறம் கிராங்கைக் குறிக்குத் திருப்பி, பெல்ட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்) எடுங்கள். எந்தச் சிலிண்டரில் காற்றே நிற்கவில்லையோ அதில் வால்வு வளைந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஹெட்டை இறக்கினால் காரணத்தோடு இறக்குகிறீர்கள்.

செல்ஃப் அடிக்கும்போது எதிர்த்து உதைக்கிறது, கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது

இது பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய கார்களின் கதை. செல்ஃப் ஒரு கணம் திணறி, பின்னுக்குத் தள்ளுவது போல உதைத்தால் பொறி ரொம்ப முன்னால் விழுகிறது. பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே கலவை வெடித்து அதைக் கீழே தள்ளப் பார்க்கிறது. சூடான இன்ஜினில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

உதையோடு கார்புரேட்டர் வாயிலும் "டப்" என்று வெடித்தால் பிளக் வயர்களைப் பாருங்கள். நாலு சிலிண்டர் வரிசை இன்ஜின்களில் பெரும்பாலும் 1-3-4-2 வரிசையில்தான் பொறி விழும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறதோ அந்தத் திசையிலேயே வயர்களை எண்ண வேண்டும். இரண்டு வயர் இடம் மாறினால்கூடப் போதும், இன்ஜின் இரண்டு சிலிண்டரில் மட்டும் தடுமாறிக்கொண்டு ஓடும்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டிய பிறகு சுத்தமாக ஸ்டார்ட்டே ஆகவில்லை, வெடிப்பு மட்டும் வருகிறது என்றால் அது 180 டிகிரி மாறி உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கிராங்க் புல்லியில் உள்ள குறி இன்ஜினின் ஒரு முழுச் சுழற்சியில், அதாவது கிராங்கின் இரண்டு சுற்றில், இரண்டு தடவை நேராக வரும். ஒரு தடவை கம்ப்ரஷன் உச்சி, இன்னொரு தடவை எக்ஸாஸ்ட் உச்சி. குறியை மட்டும் நம்பினால் எது எது என்று தெரியாது. ஒன்றாம் சிலிண்டர் பிளக்கை எடுத்து, ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, இன்னொருவரைக் கிராங்கைக் கையால் திருப்பச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் சுற்றில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கம்ப்ரஷன் சுற்றில் காற்று விரலைத் தள்ளும், எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஓரத்தில் "புஸ்" என்று பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அந்தச் சுற்றில் குறி நேராகும் இடம்தான் நிஜமான ஒன்றாம் சிலிண்டர் உச்சி. அங்கே ரோட்டர், மூடியின் ஒன்றாம் வயரைப் பார்த்து நிற்க வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை

இந்தப் புகார்தான் அதிகம் வரும், இதில்தான் அதிகம் தடுமாறவும் செய்வோம். பொறி பிந்தி விழுந்தாலும் இழுவை போகும், கேம் பின்தங்கினாலும் போகும், சைலன்சர் அடைத்திருந்தாலும் போகும், ஃபியூயல் பம்ப் சோர்ந்திருந்தாலும் போகும். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும்.

இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தை (வேக்கம்) அளக்கும் வேக்கம் கேஜ் விலை குறைந்த, பழைய காலத்துக் கருவிதான். ஆனால் இந்த வேலைக்கு அதைப் போல உதவுவது வேறில்லை. இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாயில்) மாட்டி, இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலில் விடுங்கள். சாதாரண கேம் உள்ள ஆரோக்கியமான இன்ஜினில், கடல் மட்டத்தில், ஊசி 17 முதல் 21 அங்குலத்துக்குள் (பாதரச அளவு) ஆடாமல் நிற்கும். மலைப்பகுதியில் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். ஊசி ஆடாமல், ஆனால் இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்து நின்றால் இக்னிஷன் பிந்தியிருக்கலாம். ஆடாமல் அதைவிட நன்றாகவே தாழ்ந்து, 8 முதல் 15-க்குள் நின்றால் வால்வு டைமிங்கைச் சந்தேகப்படுங்கள். ஆனால் மேனிஃபோல்டில் பெரிய காற்றுக்கசிவு இருந்தாலும் இப்படித்தான் காட்டும், அதை முதலில் விலக்கிவிடுங்கள். ஐடிலில் சரியாக நின்ற ஊசி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் சைலன்சரோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ அடைத்திருக்கிறது. டைமிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வால்வு டைமிங் மேல் சந்தேகம் விழுந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லா பிளக்கையும் எடுத்து, ஃபியூயல் பம்பையும் கொயிலையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு எடுக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்தால் நல்ல இன்ஜினும் நோயாளியாகத் தெரியும். பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் 120 முதல் 180 பிஎஸ்ஐ வரை வரும், சரியான அளவு அந்தந்த இன்ஜினின் மேனுவலில் இருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவென்றால் அது வால்வு, ரிங் பிரச்சினை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குறைவென்றால் ஹெட் கேஸ்கெட். எல்லாச் சிலிண்டரும் ஒரே அளவில், ஒன்றுபோலக் குறைந்திருந்தால்தான் டைமிங்கின் வாடை அடிக்கிறது.

இங்கே இன்னொரு படி இருக்கிறது, பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எல்லாச் சிலிண்டரும் குறைவு என்றால் ரிங்குகள் தேய்ந்த பழைய இன்ஜினாகவும் இருக்கலாமே? லீக்-டவுன் டெஸ்ட் இதைப் பிரித்துக்காட்டும். பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியே கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது அது. அங்கே இரண்டு வால்வும் மூடித்தான் இருக்கும் என்பதால், கேம் ஒரு பல் தள்ளியிருந்தாலும் பெரும்பாலும் காற்று நிற்கும். ஆகவே கம்ப்ரஷன் குறைவு, ஆனால் லீக்-டவுனில் கசிவு இல்லை என்றால், இன்ஜின் உடம்பு நன்றாக இருக்கிறது, வால்வுகள்தான் தப்பான நேரத்தில் மூடுகின்றன. இந்த இரண்டு முடிவும் சேர்ந்து வந்தால் கவரைத் தைரியமாகக் கழற்றலாம். ரிங் தேய்ந்திருந்தால் லீக்-டவுனிலும் கசியும், ஆயில் மூடியில் காது வைத்தால் காற்றுச் சத்தம் கேட்கும்.

கேம் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதற்கும் ஓட்டத்திலேயே குறிப்பு உண்டு. கேம் பிந்தியிருந்தால் கீழ் வேகத்தில் இழுவையே இருக்காது, ஆர்பிஎம் ஏறிய பிறகு கொஞ்சம் உயிர் வரும். முந்தியிருந்தால் கீழே பரவாயில்லாமல் இழுத்து, மேலே போகப் போக மூச்சடைக்கும்.

இழுவை குறைவோடு இன்ஜின் சூடும் ஏறுகிறது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருட்டில் செக்கச் சிவந்து தெரிகிறது என்றால் இக்னிஷன் மிகவும் பிந்தியிருக்கிறதா என்று பாருங்கள். எரிந்து முடியாத கலவை வெளியே போகும் வழியிலும் எரிகிறது. ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஏற்றத்தில் மிதித்தால் "கிணுகிணு" என்கிறது

லோடு ஏறும்போது கண்ணாடிக் கோலிகளை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வந்தால் அது நாக்கிங். பொறி அதிகமாக முந்தியிருப்பது ஒரு காரணம். ஆனால் அது ஒன்றே காரணமில்லை. ஆக்டேன் குறைந்த பெட்ரோல், பிஸ்டன் தலையில் படிந்த கார்பன், அதிகச் சூடு, காற்று கூடிய கலவை, வேலை செய்யாத இஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) எல்லாமே இதே சத்தத்தைக் கொடுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் இரண்டு டிகிரி ரிடார்ட் செய்து சத்தத்தை அடக்கிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் செய்தால் காரணம் உள்ளேயே இருக்கும், இழுவையும் போகும்.

நாக் சென்சார் உள்ள புதிய கார்களில் சத்தமே கேட்காமல் போகலாம். கம்ப்யூட்டர் நாக்கிங்கை உணர்ந்ததும் பொறியைத் தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடும். ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம் இழுவை குறைந்தது, மைலேஜ் விழுந்தது. ஸ்கேனரில் இக்னிஷன் அட்வான்ஸ், நாக் ரிடார்ட் இரண்டையும் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள். லேசாக மிதித்தாலே ரிடார்ட் எண் கூடிக்கொண்டு போனால் மேலே சொன்ன காரணங்களைத் தேடுங்கள். ஐடிலில் அட்வான்ஸ் எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் ஐடில் வேகத்தைப் பிடித்து வைப்பதே அப்படித்தான்.

டைமிங் லைட்டில் குறி நடனமாடுகிறது

பொறி விழும்போதெல்லாம் மின்னி, கிராங்க் புல்லியின் குறி எங்கே நிற்கிறது என்று காட்டும் விளக்குதான் டைமிங் லைட். டிஸ்ட்ரிபியூட்டர் வண்டிக்கு அதைப் பிடிக்கும் முன் பாயின்ட் கேப்பை, அதாவது உள்ளே திறந்து மூடும் காண்டாக்ட்டின் இடைவெளியைச் சரி செய்துகொள்ளுங்கள். கேப் மாறினால் டைமிங்கும் மாறும், ஆகவே கேப் முதலில், டைமிங் அப்புறம். மேனுவலில் வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைக்கச் சொல்லியிருந்தால் அடையுங்கள். குறியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: லைட்டின் வெளிச்சத்தில் சுற்றும் ஃபேனும் பெல்ட்டும் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். நிற்கவில்லை. சட்டைக்கை, வயர், விரல் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

குறி ஐடிலில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முன்னும் பின்னும் அலைந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது செயின் தளர்ந்திருக்கும். செயின் வைத்த பழைய இன்ஜினில் இதைக் கையாலேயே பிரித்துவிடலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு, கிராங்கை ஒரு பக்கமாகத் திருப்பி ரோட்டர் நகர்ந்ததும் நிறுத்துங்கள். இப்போது எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ரோட்டர் அசையத் தொடங்குவதற்கு முன் கிராங்க் எத்தனை டிகிரி சும்மா நகர்கிறது என்று புல்லியில் பாருங்கள். அந்த வெற்று நகர்வு பத்து டிகிரியைத் தொட்டால் செயின் தன் வேலைக்காலத்தை முடித்துவிட்டது. பெல்ட் இன்ஜினில் இப்படிப் பின்பக்கம் திருப்பாதீர்கள், பல் தாவிவிடும்.

ஆர்பிஎம்மை ஏற்றும்போது குறி சீராக அட்வான்ஸ் பக்கம் நகர வேண்டும். நகரவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. வேக்கம் ஹோஸை வாயால் உறிஞ்சினால் குறி அசைய வேண்டும். அசையாமல் காற்று மட்டும் வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

எல்லாம் சரியாகவே இருந்தும் குறி மட்டும் சம்பந்தமே இல்லாத இடத்தில் நின்றால் புல்லியையே சந்தேகப்படுங்கள். பல இன்ஜின்களில் கிராங்க் புல்லியின் வெளி வளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது. ரப்பர் கிழிந்தால் வளையம் நழுவும், அதிலிருக்கும் குறியும் கூடவே நழுவிவிடும். அப்புறம் எவ்வளவு கவனமாக லைட் பிடித்தாலும் டைமிங் தப்பாகத்தான் அமையும். ஒன்றாம் பிளக் ஓட்டையில் நீளமான, சிலிண்டரைக் கீறாத குச்சி ஒன்றை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறியோடு ஒப்பிடுங்கள். செல்ஃப் அடித்தபடி இதைச் செய்யக் கூடாது, கையால்தான் திருப்ப வேண்டும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் "கர்ர்"

இரவெல்லாம் நின்ற வண்டியை எடுத்தவுடன் முன்பக்கக் கவரிலிருந்து இரண்டு மூன்று நொடி சங்கிலி உரசும் சத்தம் வந்து, பிறகு அடங்கிவிடுகிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்கள் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்பவை. அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்வாக அடித்துக்கொள்கிறது. ஆயில் மட்டத்தையும் ஃபில்டரையும் முதலில் பாருங்கள். ஃபில்டருக்குள் ஆயிலைத் திரும்பி வடியவிடாமல் பிடிக்கும் ரப்பர் வால்வு இருக்கிறது. மட்டமான ஃபில்டரில் அது ஒழுங்காக மூடாது, ஒவ்வொரு காலையும் ஆயில் குழாய்கள் காலியாக இருக்கும். நல்ல ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே சத்தம் நின்ற வண்டிகள் உண்டு.

சத்தம் தொடர்ந்தால், சூடான பிறகும் ஐடிலில் கேட்டால், டென்ஷனர் முழுக்க வெளியே வந்துவிட்டது அல்லது பிளாஸ்டிக் கைடு உடைந்திருக்கிறது. சில இன்ஜின்களில் டென்ஷனர் எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன ஜன்னலே உண்டு. அப்படி இருந்தால் கவரைக் கழற்றாமலேயே செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆயில் வடித்த பாத்திரத்தில் பழுப்பு அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு கிடந்தால் கைடு உடைந்ததற்கு அதுவே சாட்சி. அந்த வண்டியை மேலும் ஓட்ட வேண்டாம்.

சந்தேகமிருந்தால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்திலேயே இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் அது செயின் இல்லை, வெளியே இருக்கும் ஏதோ ஒரு பேரிங்.

ஐடிலில் நடுங்கி நிற்கிறது, வேகத்தில் நன்றாக ஓடுகிறது

கேம் டைமிங்கை ஓட்டத்திலேயே மாற்றும் விவிடி உள்ள கார்களில் இதைப் பார்க்கலாம். இன்டேக் கேம் அட்வான்ஸ் பக்கம் சிக்கிக்கொண்டால், ஐடிலில் எரிந்த புகை திரும்ப உள்ளே வருகிறது, இன்ஜின் நடுங்கி நின்றுவிடுகிறது. ஸ்கேனரில் பி0011 வரும். பிந்திய பக்கம் சிக்கினால் பி0012.

கோடைப் பார்த்ததும் செயினை மாற்றக் கிளம்பாதீர்கள். விவிடி முழுக்க முழுக்க ஆயிலை நம்பி இயங்குகிறது. ஆயில் குறைவா, தார் போலக் கெட்டியாகிவிட்டதா, மேனுவல் சொன்ன கிரேடா என்று பாருங்கள். அப்புறம் ஆயில் கன்ட்ரோல் வால்வைக் கழற்றி அதன் மெல்லிய சல்லடையைப் பாருங்கள். அழுக்கும் கேஸ்கெட் பசையும் அதில் அடைந்து கிடப்பது சகஜம். ஸ்கேனரில் வசதி இருந்தால் ஐடிலில் அந்த வால்வை இயக்கிப் பாருங்கள். இன்ஜின் நடுங்கினால் வால்வும் கேம் சக்கரமும் வேலை செய்கின்றன. எந்த மாற்றமும் இல்லையென்றால் இரண்டில் ஒன்று சிக்கியிருக்கிறது.

பி0016 முதல் பி0019 வரையான கோடுகள் வேறு வகை. கிராங்க் சிக்னலும் கேம் சிக்னலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. செயின் நீண்டிருக்கலாம், பெல்ட் தாவியிருக்கலாம், கேம் சக்கரம் சிக்கியிருக்கலாம், சென்சார் வளையம் நகர்ந்திருக்கலாம். உடனே இரண்டு சென்சாரையும் வாங்கி மாட்டுவது வீண் செலவு. சென்சார் சிக்னலை அலையாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப் இருந்தால் இரண்டு அலைகளையும் ஒரே திரையில் எடுத்து, அதே இன்ஜினின் நல்ல படத்தோடு ஒப்பிடுங்கள். கேம் அலை எத்தனை பல் தள்ளியிருக்கிறது என்று எண்ணியே சொல்லிவிடலாம். இழுவை குறைவும் காலைச் சத்தமும் இந்தக் கோடோடு சேர்ந்து வந்தால் செயின்தான் என்று நான் முடிவெடுப்பேன். கோடு மட்டும் தனியாக வந்தால் ஆயிலிலிருந்தும் வயரிங்கிலிருந்தும் தொடங்குவேன்.

டீசல் வண்டி

பம்ப் டைமிங் உள்ள பழைய டீசலில், முந்தினால் குளிரில் சுத்தியல் அடிப்பது போலக் கடகடக்கும். பிந்தினால் சோம்பி இழுத்து, எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வரும், கண் எரியும். புதிய காமன் ரெயில் டீசலில் இன்ஜெக்‌ஷன் நேரத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் கிராங்க்–கேம் பொருத்தம் அங்கேயும் அவசியம், அது தப்பினால் பல வண்டிகள் ஸ்டார்ட்டே ஆகாது.

பெல்ட் மாற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை

அப்படியென்றால் வேறெதையும் தேடாதீர்கள், மாற்றிய வேலையைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். புல்லியில் உள்ள குறியை வைத்துப் பெல்ட் மாட்டியிருப்பார்கள். பல இன்ஜின்களில் பெல்ட்டுக்கான குறி உள்ளே பல்சக்கரத்தில் தனியாக இருக்கும். டென்ஷனர் இல்லாத பக்கம் பெல்ட் இறுக்கமாக இருக்க வேண்டும். அங்கே தொய்வை விட்டு மாட்டினால், டென்ஷனரை விட்டதும் கேம் ஒரு பல் நகர்ந்துவிடும். இதற்காகத்தான் மாட்டி முடித்ததும் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். செயினில் நிறம் பூசிய கண்ணிகள் இருந்தால், அவை இரண்டு சுற்றுக்குப் பிறகு குறியில் வந்து நிற்காது. அது தப்பில்லை, அவை மாட்டும்போது மட்டும்தான் உதவும். சுற்றிய பிறகு சக்கரக் குறிகள் மட்டும் நேராக நின்றால் போதும்.

சில இன்ஜின்களில் பல்சக்கரத்தை ஷாஃப்ட்டில் நழுவாமல் பிடிக்கும் சாவியே (சின்ன உலோகத் துண்டு) கிடையாது. போல்ட்டின் இறுக்கத்தில் மட்டும் நிற்கும். அங்கே பூட்டும் பின்கள் இல்லாமல் வேலை செய்யவே கூடாது. மேனுவல் புதுப் போல்ட் போடச் சொன்னால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். சாவி உள்ள இன்ஜினிலும் கிராங்க் போல்ட் சரியாக இறுகாமல் போனால் சக்கரம் ஆடிச் சாவியைத் தின்றுவிடும். டைமிங் சரியாக வைத்தும் சில நாளில் மறுபடி தப்பினால் இந்தச் சாவியைத்தான் பார்க்க வேண்டும்.

இழுவை நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டும் ஆகிறது, ஆனால் முன்பு இல்லாத அதிர்வு வந்திருக்கிறது என்றால் அதிர்வை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் உள்ள இன்ஜினா என்று பாருங்கள். அதன் பெல்ட்டோ செயினோ குறி தப்பினால் ஓட்டத்தில் குறையிருக்காது, ஸ்டியரிங்கும் சீட்டும் மட்டும் நடுங்கும்.

கவர் திறந்திருக்கும்போதே டென்ஷனர், ஐட்லர் பேரிங், பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்ப், கிராங்க் மற்றும் கேம் ஆயில் சீல்களைப் பார்த்துவிடுங்கள். ஆயிலோ கூலன்ட்டோ ஊறிய பெல்ட் குறித்த கிலோமீட்டர் வரை தாங்காது. மூடிய பிறகு கம்ப்ரஷன் ஒரு முறை எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும் ஐடில் வேக்கம் அளவையும் எழுதி சர்வீஸ் புத்தகத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை இழுவை குறைகிறது என்று தோன்றினால் அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கவரைத் தொடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.